கறுப்பு வேண்டி அடைத்த ஜன்னல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. சனிக்கிழமை காலையில் இருந்தது. சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பி வந்து பார்க்கிறேன், காணவில்லை.

ஜன்னல் இருந்த இடத்தில் பலகை. பலகையின் மேல் கறுப்புத் துணி. துணிக்கு முன்னால் சுத்தியலும் கையுமாக என் வீட்டுக்காரர். வாயில் ஆணி.

"இனிமே இந்தக் கூடத்துக்குள்ள ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாது" என்றார், ஆணியைக் கடித்தபடியே. கோட்டையைப் பிடித்த ராஜா பேசுகிற மாதிரி இருந்தது.

"வெளிச்சம் உங்களை என்னங்க பண்ணிச்சு?"

"கறுப்பைக் கெடுக்குது."

மேலே போவதற்கு முன் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நல்ல மனிதர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரே ஒரு பழக்கம்தான். தியேட்டரில் ஓகோவென்று ஓடின படங்கள் பிறகு வீட்டில் போட்டுப் பார்க்க டிஸ்காக வருமே, அதை வாங்கிச் சேர்ப்பார்.

சாதாரணச் சேர்ப்பு இல்லை. ஒரு படத்தை முதலில் டிவிடியில் வாங்குவார். பிறகு அதுவே ப்ளூ-ரேயில் வரும், வாங்குவார். ஃபோர்-கே என்று வரும், வாங்குவார். அதே ஃபோர்-கே தகர டப்பாவில் வரும்; டப்பாவுக்காக வாங்குவார். எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்குவார். ஒன்று பிரித்துப் பார்ப்பதற்கு, ஒன்று பிரிக்காமலே வைப்பதற்கு. தூசி தட்டும்போது பிரிக்காததன் மேல் உறை கொஞ்சம் கிழிந்துவிட்டால் போதும், வீட்டில் துக்கம் நடந்த மாதிரி அன்று முழுக்கப் பேச மாட்டார்.

மகன் வேலை கிடைத்து வெளியூர் போனான். அவன் அறையில் டிஸ்க் குடியேறியது. மகள் கல்யாணமாகிப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அறைக்குள் நான் போனால், இவர் அங்கே அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்.

இத்தனையும் வாங்கி, படம் பார்ப்பாரா என்றால் மாட்டார். தரம் பார்ப்பார். அவருக்கு உத்தியோகமே பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்ப்பதுதான். ஓடுகிற பட்டையில் வருகிற பிஸ்கட்டில் ஓரம் உடைந்தது, நடுவில் கருகியது, கோணலாய் வெந்தது எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போடுவார். அதே கண்ணோடு வீட்டுக்கு வருவார். கதாநாயகன் முகத்தை அப்படியே நிறுத்திவைத்து, "மூக்கோரமா பாரு. தோல் மெழுகு மாதிரி வழவழன்னு இருக்கு. கம்ப்யூட்டர்ல துடைச்சுட்டானுங்க படுபாவிங்க" என்பார். எனக்கென்னவோ அந்தப் பிள்ளை அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி லட்சணமாகத்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட அவருக்கு முக்கியம் கறுப்பு. "வெள்ளையை எவன் வேணும்னாலும் காட்டுவான். கறுப்பைக் கறுப்பாக் காட்டுறவன்தான் கெட்டிக்காரன்" என்பார். அதைச் சோதிக்கவே ஒரு குகைப் படம் வைத்திருந்தார். பூமிக்கு அடியில் ஒரு குகைக்குள் ஒரு பெண் மாட்டிக்கொள்கிறாள். திரையின் ஒரு மூலையில் அவள் கையில் தீப்பந்தம். மற்ற இடமெல்லாம் கும்மிருட்டு. அந்தப் படம் எந்த வடிவத்தில் வந்தாலும் வாங்கிவந்து அந்த இடத்தைப் போடுவார். நிறுத்துவார். என்னைக் கூப்பிடுவார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலைங்க."

"அதுக்குப் பேர்தான் தரம்."

"அந்தப் பொண்ணு கடைசியில வெளியில வந்தாளாங்க?"

"அது எதுக்கு உனக்கு? இருட்டைப் பாரு."

வருஷக்கணக்காக அந்தப் பெண் குகைக்குள்ளேயே நிற்கிறாள். தினமும் பிள்ளைகளுக்காகப் பிரார்த்தனை செய்யும்போது அவளையும் ஒரு ஓரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஜன்னலுக்கு வருகிறேன். மற்றவர்களுக்கு அது ஜன்னல். எனக்கு அதுதான் பாதி வாழ்க்கை. காலையில் அதன் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டுதான் பிரார்த்தனைப் புத்தகம் படிப்பேன். எழுத்து ரொம்பப் பொடி. என் கண்ணும் முன்போல இல்லை. டியூப் லைட்டில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊரும். காலை வெளிச்சத்தில்தான் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும். படித்து முடித்துப் புத்தகத்தை மூடினால், சந்துக்கு அந்தப் பக்கத்து ஜன்னலில் தையல்காரம்மா மெஷினில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் போன பிறகு பகலெல்லாம் எனக்கு வாய்த்துணை அவள்தான். சிரிப்பு, அழுகை, நூல்கண்டு, சர்க்கரை எல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான் போய் வரும்.

"நான் இனிமே எங்கங்க உட்கார்ந்து படிக்கிறது?" என்று கேட்டேன்.

"கடவுளுக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும்."

"அவருக்குத் தெரியுங்க. எனக்குத் தெரிய வேண்டாமா?"

அதற்குப் பதிலாக இன்னொரு ஆணி அடித்தார்.

மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டில் வட்டம் கூடுவதாக இருந்தது. வட்டம் என்றால் இவரைப் போலவே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவர்களின் வட்டம். குகைப் படம் புதிதாக மறுபடியும் வந்திருந்தது. இந்த முறை கறுப்பைத் தனியாகத் தோண்டி எடுத்து மெருகேற்றியிருக்கிறார்களாம். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத்தான் கூட்டம். அதற்காகத்தான் ஜன்னல் பலி.

"நாளைக்கு வட்டம் உட்கார்ந்திருக்கும்போது நீ டீ கொண்டுவரலாம்" என்றார்.

"சரிங்க."

"ஆனா வாயைத் திறக்கக் கூடாது. வட்டத்துக்கு வர்ற டாக்டர் கண்டிப்பானவர். தரம் தெரியாதவங்க பேசினா தரம் தெரிஞ்சவங்க கண்ணு கலைஞ்சுடும்."

"சரிங்க."

"நீ என்ன பார்த்தாலும் சரி, உனக்கு என்ன தோணினாலும் சரி, ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"பேச மாட்டேங்க."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் பேச்சை நான் தட்டியதில்லை. இதையும் தட்டவில்லை. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வட்டம் வந்தது. முதலில் பல் டாக்டர். அவர்தான் வட்டத்துக்குத் தலைவர். எதைக் கொடுத்தாலும் எங்கே சொத்தை இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்; நான் கொடுத்த தண்ணீர் டம்ளரையே அப்படித்தான் பார்த்தார். அடுத்து பேங்க் கேஷியர். ரூபாய் நோட்டைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி டிஸ்கைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கடைசியாக டிரைவிங் ஸ்கூல்காரர். தலை நிறையச் சுருட்டை முடி. வாசலிலேயே, "ஜன்னலை அடைச்சுட்டீங்களா? அருமை. நானும் போன மாசமே அடைச்சுட்டேன்" என்றார்.

"நானும் நேத்துதான் அடைச்சேன், இன்னும் படம் போட்டுப் பார்க்கலை" என்றார் டாக்டர். "மனைவிக்குக் கொஞ்சம் மூச்சு முட்டுது. பழகிடும்."

முன்வரிசையில் நடு நாற்காலியில் என் வீட்டுக்காரர். பின்னால் டாக்டர். இரண்டு பக்கமும் மற்ற இரண்டு பேர். கதவைச் சாத்தினார்கள். பட்டப்பகலில் கூடம் கிணற்றுக்குள் மாதிரி ஆயிற்று. சமையலறைக்கு ஜன்னல் கிடையாது, விளக்கும் போடக் கூடாது; சுவரைத் தடவித் தடவி டீ போட்டேன்.

டீத்தட்டோடு உள்ளே நுழைந்தபோது குகை வந்துவிட்டிருந்தது. மூலையில் தீப்பந்தம். மற்றதெல்லாம் இருட்டு. அந்த இருட்டின் நடுவில், வெள்ளையாக, உருண்டையாக, பால் சிந்தின மாதிரி ஏதோ ஒன்று.

"அது என்னது?" என்றார் கேஷியர்.

"எது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நடுவுல ஒரு வெள்ளை."

"நடுவுல இல்லையே. எனக்கு இடது பக்கமாத் தெரியுது" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"எனக்கு வலது பக்கம்" என்றார் கேஷியர், இந்தக் கோடிக்கு நகர்ந்து.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "அப்படின்னா அது நகருது" என்றார்.

என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். வெள்ளை பெரிதாகியது.

"பெரிசாகுது, பெரிசாகுது, வந்துடுங்க" என்றார் கேஷியர்.

இவர் பின்னால் வந்தார். வெள்ளை சிறுத்தது.

"பயந்துக்குது" என்றார் டாக்டர். பிறகு இன்னும் உற்றுப் பார்த்து, "பெரிசுக்குப் பின்னால சின்னதா இன்னொண்ணு இருக்கு பாருங்க. குட்டி போட்டிருக்கு" என்றார்.

நான் அப்போது என் வீட்டுக்காரருக்கு டீயை நீட்டினேன். டம்ளரை எடுக்கத் தலையைக் குனிந்தார். திரையில் பெரிய வெள்ளை கீழே இறங்கியது. டம்ளரோடு நிமிர்ந்தார். வெள்ளை மேலே ஏறியது. டாக்டர் குனிந்து டம்ளரை எடுத்தார். சின்ன வெள்ளை இறங்கி ஏறியது.

என் வீட்டுக்காரர் தலையில் முடி நின்று வெகுகாலம் ஆகிறது. டாக்டர் தலையும் அப்படித்தான். அதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. ஆனால் தீப்பந்த வெளிச்சம் அந்தத் தலைகளில் பட்டு, பளபளவென்று இருக்கிற டிவிக் கண்ணாடியில் நிலாவும் நிலாக்குட்டியுமாக மின்னிக்கொண்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்த நாளெல்லாம் எங்கும் வெளிச்சமாக இருந்ததால் அது தனியாகத் தெரியவில்லை. கூடத்தை இருட்டாக்கினார்கள், உதயமாகிவிட்டது.

எனக்குச் சொல்லிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. கடவுள் சாட்சியாக வாயைத் திறந்தேன். "என்னங்க, அது வந்து" என்று ஆரம்பித்தேன்.

"உஷ்" என்றார் அவர். விரலை உதட்டில் வைத்துக் கண்ணை உருட்டினார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த டிஸ்கை எடுத்துவிட்டு வேறொரு படம் போட்டார்கள். வானத்திலிருந்து கல் விழுந்து ஊர் அழிகிற படம். ஊர் அழிந்து இருட்டானதும், ஒரு வீடு எரிகிற வெளிச்சத்தில் வெள்ளை வந்தது. இன்னொன்று போட்டார்கள். கடலுக்கடியில் சண்டை. அங்கேயும் வந்தது. டிஸ்க் எடுக்க என் வீட்டுக்காரர் உள்ளே போகும்போதெல்லாம் பெரிய வெள்ளை காணாமல் போனது.

"பாத்தீங்களா, ஒளிஞ்சுக்குது" என்றார் டாக்டர். "சந்தேகமே இல்லை. அழுகல் நோய்."

சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஒரு பயம் உண்டாம். டிஸ்குக்குள் பூசியிருக்கிற மெல்லிய தகடு சில சமயம் தானாகவே கெட்டு அழுகிவிடுமாம். வெளியே பார்த்தால் தெரியாது. படத்தில்தான் தெரியும். டாக்டர் அதை விளக்கினார். பல்லில் சொத்தை விழுகிற மாதிரிதான் என்றார். ஆனால் ஒரு பல்லிலிருந்து பக்கத்துப் பல்லுக்குத் தாவுகிற மாதிரி ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு இப்படித் தாவி அவர் பார்த்ததே இல்லையாம்.

"ஒட்டுவாரொட்டியா?" என்றார் கேஷியர். சொல்லும்போதே எழுந்துவிட்டார். இரவல் கொடுத்திருந்த தன் டிஸ்குகளைத் தேடி எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். டிரைவிங் ஸ்கூல்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். டாக்டர் எங்கள் வாஷ்பேசினில் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார்.

"பிடுங்கிடறது நல்லது" என்றார் போகும்போது.

"எதை?"

"எல்லாத்தையும்."

என் வீட்டுக்காரர் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். "என் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததும்மா" என்றார். எனக்கு மனது இளகிவிட்டது. சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன்.

"என்னங்க, நான் ஒண்ணு பார்த்தேன்."

"நீ பார்த்தா என்ன தெரியும்? கறுப்புக்கும் கருநீலத்துக்குமே உனக்கு வித்தியாசம் தெரியாது. போய்ப் படு."

போனேன். இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை சமையலறையில் நின்றுகொண்டே பிரார்த்தனை செய்தேன். புத்தகம் படிக்க முடியவில்லை. மனப்பாடமாக இருந்ததை மட்டும் சொன்னேன். கடவுளே, அவர் என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்டால், உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட்காதவரிடம் போய்ச் சொல்லவா வேண்டாமா என்று நீயே எனக்குக் காட்டு. கடவுள் ஒன்றும் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அந்த இருட்டில் எனக்குத் தெரிந்திருக்காது.

அவர் வேலைக்குப் போனதும், ஜன்னல் இல்லாததால் செருப்பைப் போட்டுக்கொண்டு சந்து வழியாகச் சுற்றித் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். வாயில் வைத்திருந்த குண்டூசியெல்லாம் துப்பிவிட்டுச் சிரித்தாள். மெஷின் மேல் கவிழ்ந்து சிரித்தாள்.

"அக்கா, ஒரு கறுப்புத் தொப்பி தைச்சுத் தர்றேன். மாட்டிவிடுங்க. தீர்ந்தது."

"அப்புறம் ஜன்னல்?"

சிரிப்பை நிறுத்தினாள். "ஆமால்ல. தொப்பி போட்டா கறுப்பு வந்துடும். ஜன்னல் வராது." என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னக்கா, நீங்க எப்பவும் சாமி கும்பிட்டுக்கிட்டே இருக்கீங்களே, ஒண்ணும் தெரியாதவங்கன்னு நினைச்சேன்."

"நான் ஒண்ணும் செய்யலையேம்மா. பேசாதேன்னார், பேசாம இருக்கேன்."

"அப்படியே இருங்க" என்றாள். "இன்னும் நல்லாப் பேசாம இருங்க."

அந்த வாரம் வீடு ஆஸ்பத்திரி ஆயிற்று. கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு டிஸ்குகளைப் பிரித்து வைத்தார். வெள்ளை வந்தவை மகள் அறையில். இன்னும் பார்க்காதவை மகன் அறையில். ஒவ்வொரு சாயங்காலமும் ஒன்று போட்டுப் பார்ப்பார். அடுத்த நிமிஷம் அது மகள் அறைக்குப் போகும். பிரிக்காத காப்பிகளை நினைத்துத்தான் அவருக்குத் தூக்கம் போயிற்று. பிரித்தால் பெருமை போய்விடும். பிரிக்காவிட்டால் உள்ளே அழுகியிருக்கிறதா என்று தெரியாது. ஒரு தகர டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

மகனுக்குப் போன் போட்டார். "எல்லாம் போச்சுடா" என்றார்.

"விடுங்கப்பா. எல்லாப் படமும் இப்ப நெட்லயே வருதே" என்றான் அந்தப் பிள்ளை, நல்ல மனதோடுதான். இவர் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் அவன் பெயரை எடுக்கவில்லை.

டாக்டர் வீட்டிலிருந்தும் சேதி வந்தது. அவர் தன் டிஸ்குகளைச் சோதித்துப் பார்த்தாராம். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் வெள்ளை. எங்கள் வீட்டிலிருந்துதான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று வருத்தமாகச் சொன்னாராம். சோப்பு போதவில்லை போலிருக்கிறது.

இவர் சோறு இறங்காமல் இளைத்துப் போனார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"என்னங்க" என்றேன். "ஒண்ணு தோணுது. சொல்லட்டுமா?"

"சொல்லு."

"ஜன்னலைத் திறந்தா அந்த வெள்ளை போயிடும்னு தோணுது."

இது பொய்யா? நீங்களே சொல்லுங்கள். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெயில் டிஸ்குக்கு எமன். படிச்சவன் கேட்டா சிரிப்பான்."

"சரிங்க. மூடி வெச்ச இடத்துல துணியில பூசணம் பிடிச்சா வெளிச்சத்துல போடுவோம். அந்த ஞாபகத்துல சொல்லிட்டேன்."

"துணியும் டிஸ்கும் ஒண்ணா?"

"இல்லைங்க."

விட்டுவிட்டேன். பாத்திரம் கழுவப் போனேன். பின்னால் கூடத்தில் அவர் நடக்கிற சத்தம் கேட்டது. பலகை வரைக்கும் போனார். திரும்பினார். மறுபடி பலகை வரைக்கும் போனார். பிறகு தனக்குத்தானே பேசிக்கொள்ள ஆரம்பித்தார். "பூசணம்... காத்தோட்டம்... அடைச்ச மறுநாள்தானே வந்துச்சு..." கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் சுத்தியல்.

"எனக்கு ஒரு யோசனை வந்திருக்கு" என்றார்.

"என்னங்க?"

"ஜன்னலைத் திறந்து பார்க்கலாம்னு."

"எனக்குத் தோணவே இல்லை பாருங்க" என்றேன். முழுக் கதையிலும் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். அதற்கு அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். பலகை ஒரு பக்கம் விலகியதும் வெளிச்சம் கத்தி மாதிரி உள்ளே வந்து தரையில் விழுந்தது. பிறகு கூடம் முழுக்க நிறைந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு, கையில் இருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார் இவர்.

"ஆமாங்கண்ணா" என்றாள் அவள், துணிக்குள்ளிருந்து.

குகைப் படத்தைப் போட்டார். நடு நாற்காலியில் உட்கார்ந்தார். தீப்பந்தம் வந்தது. இருட்டு வந்தது. ஓரத்தில் ஜன்னல் கம்பியின் சாயல் லேசாக விழுந்தது. ஆனால் நிலாவைக் காணோம். எங்கும் பகலாக இருக்கும்போது நிலாவுக்கு என்ன வேலை?

"போயிடுச்சு" என்றார். கண்ணில் தண்ணீர். "முழுசாப் போயிடுச்சும்மா."

மறுபடி வருகிறதா என்று பார்க்க நிறுத்தாமல் ஓடவிட்டார். அப்படித்தான் அந்தப் பெண் ஒருவழியாகக் குகையை விட்டு வெளியே வந்தாள். வாசலில் அவளுடைய அப்பா காத்துக்கொண்டு நிற்கிறார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். இவரும் துடைத்தார், டிஸ்க் பிழைத்ததற்கு.

அன்றிலிருந்து அவர் வைத்தியர். "ஒளி வைத்தியம்" என்று பெயரும் வைத்தார். டாக்டருக்குப் போன் போட்டார். "நம்ம எல்லாரும் இவ்வளவு நாள் தப்பாவே நினைச்சுக்கிட்டிருந்தோம் சார். அடைச்சு வெச்சா அழுகும். திறந்து வெச்சா பிழைக்கும். ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சேன்" என்றார். டாக்டர் வீட்டில் ஜன்னல் திறந்தது. அவருடைய டிஸ்குகளும் பிழைத்தன. கேஷியர் முன்ஜாக்கிரதையாகக் கதவையும் சேர்த்துத் திறந்தாராம். டாக்டரின் மனைவியைக் கடையில் பார்த்தேன். என்னை அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கணும்" என்றார்.

எனக்கு என் நாற்காலி திரும்பக் கிடைத்தது. எழுத்தெல்லாம் மறுபடியும் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. தையல்காரம்மா கம்பி வழியாக ஒரு நூல்கண்டை எறிந்துவிட்டு, "அக்கா, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பலகையை அவர் தூக்கி எறியவில்லை. மொட்டை மாடியில் சாய்த்துத்தான் வைத்திருந்தார்.

பயந்த மாதிரியே ஆயிற்று. ஒரு நாள் காலையில் நான் படித்துக்கொண்டிருக்கும்போது பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்னங்க இது?"

"நோய்தான் போயிடுச்சே. வெளிச்சத்துல கறுப்பு கொஞ்சம் சாம்பலடிக்குது. பழையபடி அடைச்சுடலாம்னு பார்க்கிறேன்."

புத்தகத்தில் விரலை வைத்து மூடினேன். "அடைங்க" என்றேன். "மறுபடி வந்துச்சுன்னா மறுபடி திறந்துக்கலாம்."

பலகையைத் தூக்கிய கை அப்படியே நின்றது. "மறுபடி வருமா?" என்று பலகையைக் கேட்டார்.

"நான் பார்த்தா என்னங்க தெரியும்?"

"பிரிக்காத காப்பிக்கு வந்தா?"

பேசாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் வந்துவிட்டிருந்தது. பலகையைக் கீழே வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுதான் புரியலை" என்றார். "டிரைவிங் ஸ்கூல்காரர் மட்டும் இன்னும் ஜன்னலைத் திறக்கவே இல்லை. அடைச்சபடியே வெச்சிருக்கார். அவர் டிஸ்க் ஒண்ணுக்குக்கூட நோய் வரலை. அவர் போன்ல எடுத்து அனுப்பின படத்தைப் பார்த்தேன், கறுப்பு கறுப்பாவே இருக்கு. அவர் மட்டும் என்ன செய்றார்?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் பதில் சொல்ல விடாமல் அவரே தொடர்ந்தார். "கைராசி போலிருக்கு. போகட்டும். நம்ம கதைக்கு வா. நீ சொல்லு. உன்னைத்தான் கேட்கிறேன். எத்தனை நாளைக்கு நாம இந்த ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கணும்?"

இத்தனை வருஷத்தில் தரம் பற்றி அவர் என்னிடம் யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை. நேரான கேள்வி. கேட்டால் மறைக்க மாட்டேன் என்று கடவுளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். புத்தகம் வேறு கையில் இருக்கிறது. எதிர் ஜன்னலில் மெஷின் நின்றுவிட்டது.

"உங்க தலையில முடி முளைக்கிற வரைக்குங்க" என்றேன்.

அவர் சிரித்தார். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையைத் தடவினார், பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"அதாவது என்னைக்குமே மூடக் கூடாதுங்கிறே" என்றார், மாடிப்படி ஏறிக்கொண்டே. "பரவாயில்லையே, என்னோட இருந்து இருந்து உனக்கும் விஷயம் புரிய ஆரம்பிச்சிடுச்சு."